லேட்டா வர்ற ரயிலுக்காக இன்னொரு ரயில் காத்திருக்கணுமா? கனெக்‌ஷனை விட்டவரின் கணக்கை யார் பார்ப்பது?

2024 நவம்பரில் ஹவுரா ரயில் நிலையத்தில் நடந்த ஒரு சம்பவம் சோஷியல் மீடியாவில் செம வைரல். மும்பையிலிருந்து 30-க்கும் மேற்பட்டோர் கொண்ட கல்யாண கோஷ்டி ஒன்று கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தது. ஹவுராவில் இறங்கி, கவுகாத்திக்குப் போகும் சராய்காட் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் கீதாஞ்சலி மணிக்கணக்கில் லேட். கோஷ்டியில் ஒருவர் எக்ஸ் தளத்தில் ரயில்வேயை டேக் செய்து உதவி கேட்டார். சராய்காட் எக்ஸ்பிரஸ் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊழியர்களே வந்து அவர்களை அந்த ரயில் நின்ற பிளாட்ஃபாரத்துக்கு வேகமாக அழைத்துப் போய் ஏற்றிவிட்டார்கள். கல்யாணமும் தப்பியது.

ரயில்வேக்குப் பாராட்டு குவிந்தது. நியாயமான பாராட்டுதான். ஆனால் இந்தக் கதையில் ஒரு சங்கடமான கேள்வியும் இருக்கிறது. எக்ஸ் தளத்தில் கணக்கு இல்லாத பயணிக்கு இது நடந்திருக்குமா? கல்யாணம் இல்லை, திங்கட்கிழமை காலை ஒரு இன்டர்வியூ, அல்லது வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு அப்பாயின்ட்மென்ட் என்றால்? முப்பது பேர் இல்லை, மூன்று பேர் என்றால்?

தாமதமாக வரும் ரயிலின் பயணிகளுக்காக அடுத்த ரயிலை நிறுத்தி வைக்கலாமா, கூடாதா என்பது பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பொதுப் போக்குவரத்து யாருக்காக ஓடுகிறது, டைம்டேபிளுக்காகவா, பயணிக்காகவா என்ற பெரிய கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கனெக்‌ஷன் ரயில் என்றால் என்ன?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரயில்வேயே திட்டமிட்டுப் பொருத்திய இணைப்பு. இன்னொன்று, பயணி தானாகவே டைம்டேபிளைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் இணைப்பு.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். அங்கிருந்து ஊட்டி மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும். ஒன்றை நம்பித்தான் இன்னொன்று. வடக்கே கால்காவிலும் இப்படித்தான். ஹவுராவிலிருந்து வரும் பழைய கால்கா மெயிலும் (இப்போது நேதாஜி எக்ஸ்பிரஸ்) சிம்லாவுக்குப் போகும் சிவாலிக் டீலக்ஸும் ஜோடி ரயில்களாகவே பார்க்கப்படுகின்றன.

இன்னும் பின்னால் போனால், 'போட் மெயில்' என்ற பெயரே ஒரு இணைப்பின் பெயர்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். ரயில் வராமல் கப்பலும், கப்பல் வராமல் அந்தக் கரை ரயிலும் கிளம்பிவிட்டால் அந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் போயிடுச்சு, ராமேஸ்வரம் ரயிலுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

ஆக, ஒரு வண்டி இன்னொரு வண்டிக்காகக் காத்திருப்பது இந்திய ரயில்வேக்குப் புதிய யோசனையே இல்லை. ஆனால் இன்று பெரும்பாலானோரின் கனெக்‌ஷன் இரண்டாவது வகை. பெங்களூரிலிருந்து வருபவர் காட்பாடியில் இறங்கி மாறுகிறார். சென்னையிலிருந்து போகிறவர் திருநெல்வேலியில் இறங்கி திருச்செந்தூர் ரயிலையோ தென்காசி ரயிலையோ பிடிக்கிறார். மதுரையில் இறங்கி போடிநாயக்கனூருக்கு, மானாமதுரையில் இறங்கி ராமேஸ்வரத்துக்கு, மயிலாடுதுறையில் இறங்கி திருவாரூருக்கு... இப்படி எத்தனையோ. இவர்களைப் பொறுத்தவரை இது ஒரே பயணம். ரயில்வேயின் கணக்கில் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிக்கெட்.

பிரச்னையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இப்போது என்ன விதி இருக்கிறது?

2019 ஏப்ரல் 1 முதல் 'கனெக்டிங் பிஎன்ஆர்' என்ற வசதி நடைமுறையில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ரயில்களுக்குத் தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பயணியின் விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் லேட்டாகி, அதனால் இரண்டாவது ரயிலை விட்டுவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் ரத்துக் கட்டணப் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். முதல் ரயில் உண்மையில் வந்துசேர்ந்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கவுன்டர் டிக்கெட் என்றால் நேரில் ஒப்படைக்கணும். இ-டிக்கெட் என்றால் ஆன்லைனில் டிடிஆர் பதிவு செய்யணும்.

நல்ல வசதி. இதற்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஐஆர்சிடிசி-யில் அடிக்கடி டிக்கெட் போடுபவர்களில்கூடப் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது தனிக்கதை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விதி பேசுவது பணத்தைப் பற்றி மட்டும்தான். பயணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இரவு 11 மணிக்கு ஒரு ஜங்ஷனில் இறங்கி, போக வேண்டிய ரயிலின் சிவப்பு விளக்கு தூரத்தில் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, 'உங்க டிக்கெட் காசு சில நாளில் வந்துடும்' என்பது ஆறுதலா? அவருக்கு அந்த நிமிடம் தேவைப்படுவது ஊர் போய்ச் சேர ஒரு வழி.

அடுத்த ரயிலில் ஏற வேண்டுமென்றால் புது டிக்கெட் எடுக்கணும். அந்த நேரத்தில் ரிசர்வேஷன் கிடைக்காது. ஜெனரல் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. ஆம்னி பஸ் என்றால் கட்டணம் வேற லெவல். கைக்குழந்தையோடு வந்தவர், வயசான அம்மா அப்பாவை அழைத்து வந்தவர், மூன்று பெரிய பைகளோடு நிற்பவர் என ஒவ்வொருவருக்கும் இது ஒவ்வொரு விதத்தில் இடிக்கும். திரும்பி வரும் தொகையில் இது எதுவும் சேராது.

ரயில்வே ஏன் காத்திருக்கத் தயங்குகிறது?

'அஞ்சு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சா போயிடும்?' என்று கேட்பது சுலபம். டவுன் பஸ்ஸில் 'அண்ணே, ஒருத்தர் ஓடி வர்றாரு' என்று யாராவது குரல் கொடுத்தால் கண்டக்டர் விசில் அடிக்காமல் நிறுத்துவாரே, அது போல. ஆனால் ரயில் பஸ் இல்லை. ரயில்வே பக்கத்தில் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது.

முதல் காரணம், தண்டவாளம். ஒவ்வொரு ரயிலுக்கும் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட பாதை ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் அடுத்த இடைவெளி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி - திருச்செந்தூர் போன்ற ஒற்றைப் பாதைகளில் சிக்கல் இன்னும் அதிகம். எதிரே வரும் ரயில் கிராசிங்குக்காக ஒரு ஸ்டேஷனில் நிற்கும். இங்கே 10 நிமிடம் தாமதித்தால் அங்கே நிற்கும் ரயிலும் தாமதமாகும். 10 நிமிடம் 25 நிமிடமாக ஊதிப்போவது இப்படித்தான்.

இரண்டாவது, பிளாட்ஃபாரம். ஒரு ரயில் கிளம்பாமல் நின்றால், அந்த இடத்துக்கு வர வேண்டிய ரயில் சிக்னலுக்கு வெளியே நிற்கும். அதில் இருப்பவர்களுக்கும் கனெக்‌ஷன் இருக்கலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருப்பவர்கள். சரியான நேரத்துக்கு வந்து, சீட்டில் அமர்ந்து, வாட்டர் பாட்டிலைத் திறந்தவர் என்ன தப்பு செய்தார்? யாரோ ஏறி வந்த ரயில் லேட் ஆனதற்கு அவர் ஏன் காத்திருக்கணும்? வழியில் அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் இந்த ரயிலுக்காகக் காத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்காவது, ஒருமுறை நிறுத்தினால் எல்லோரும் கேட்பார்கள் என்ற பயம். இன்று இவருக்காக 5 நிமிடம், நாளை அவருக்காக 10 நிமிடம் என்று போனால் டைம்டேபிள் வெறும் காகிதமாகிவிடும்.

இந்த நான்கும் உண்மை. ஆனால் இவை எல்லாம் சொல்வது 'எப்போதும் காத்திருக்காதே' என்பதையா? இல்லை. 'கணக்குப் போட்டுக் காத்திரு' என்பதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு ஓர் உதாரணம். கிளம்பத் தயாராக நிற்கும் ரயிலில் 800 பேர். லேட்டாக வரும் ரயிலில் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் 50 பேர். அடுத்த ரயில் 4 மணி நேரம் கழித்து.

காத்திருக்காமல் கிளம்பினால், 50 பேர் தலா 4 மணி நேரம் இழக்கிறார்கள். மொத்தம் 200 பயணி-மணி நேரம். 10 நிமிடம் காத்திருந்தால் 800 பேர் தலா 10 நிமிடம் இழக்கிறார்கள். மொத்தம் சுமார் 133 மணி நேரம். அதாவது 10 நிமிடம் காத்திருப்பது லாபம். 15 நிமிடம் என்றால் இரண்டு பக்கமும் சமம். 20 நிமிடம் என்றால் நஷ்டம், கிளம்பிவிட வேண்டும்.

இப்போது அடுத்த ரயில் அரை மணி நேரத்தில் வரும் என்று வைத்துக்கொண்டால், 50 பேரின் மொத்த இழப்பு வெறும் 25 மணி நேரம். 2 நிமிடம் காத்திருந்தாலே அதைவிடக் கூடுதல் இழப்பு. அங்கே காத்திருக்கவே தேவையில்லை.

கடைசி ரயில் என்றால் கதையே வேறு. அடுத்தது காலையில்தான், 9 மணி நேரம் கழித்து என்றால் 450 மணி நேர இழப்பு. அரை மணி நேரம் காத்திருந்தாலும் தகும்.

நிஜத்தில் இதோடு கிராசிங், பிளாட்ஃபாரம், பின்னால் வரும் ரயில்கள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மறுபக்கம், டைம்டேபிளில் வழியில் வைத்திருக்கும் கூடுதல் நேரத்தைப் பயன்படுத்தி அந்த 10 நிமிடத்தை ரயில் ஈடுகட்டவும் வாய்ப்பு உண்டு. 'காத்திருப்பதா, கிளம்புவதா' என்ற இந்தக் கேள்வி போக்குவரத்துக் கணிதத்தில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 'டிலே மேனேஜ்மென்ட்' என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் நொடிகளில் போடக்கூடிய கணக்குதான். அதற்குத் தேவை ஒரே ஒரு தகவல்: லேட்டாக வரும் ரயிலில் எத்தனை பேர் எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறார்கள்?

கனெக்டிங் பிஎன்ஆர் தருவது சரியாக அந்தத் தகவலைத்தான். இரண்டு டிக்கெட்டையும் பயணியே இணைத்துக் கொடுத்திருக்கிறார். எந்த ரயிலில் வருகிறார், எதைப் பிடிக்கணும், எந்த ஸ்டேஷனில், எந்தப் பெட்டி எல்லாமே சிஸ்டத்தில் இருக்கிறது. பணம் திருப்பிக் கொடுக்க உதவும் அந்தத் தகவல், பணம் திருப்பிக் கொடுக்கும் நிலையே வராமல் தடுக்கவும் உதவலாம் இல்லையா?

மற்ற நாடுகளில் எப்படி?

இணைப்பு என்றாலே எல்லோரும் கைகாட்டுவது சுவிட்சர்லாந்தை. அங்கே 1982-லிருந்து நாடு முழுக்க ஒரே தாளத்தில் ரயில்கள் ஓடுகின்றன. 1987-ல் 'ரயில் 2000' என்ற திட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். யோசனை எளிமையானது. முக்கிய ஜங்ஷன்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரணும். சற்றுப் பின் கிளம்பணும். நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பயணிகள் மாறிக்கொள்வார்கள்.

இதற்காக அவர்கள் ரயிலின் வேகத்தையே இந்தக் கணக்குக்கு ஏற்ப முடிவு செய்தார்கள். சூரிக் - பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால்தான் இரண்டு ஜங்ஷன்களிலும் இணைப்பு பொருந்தும். அதனால் 2004 டிசம்பரில் புதிய பாதை திறந்து பயணத்தை 56 நிமிடமாகக் குறைத்தார்கள். 'முடிந்தவரை வேகமாக' என்பது அவர்கள் இலக்கு இல்லை. 'தேவையான அளவு வேகமாக' என்பதுதான். நம் ஊரில் புது ரயில் அறிமுகமானால் வரும் முதல் கேள்வி 'எத்தனை கிலோமீட்டர் வேகம்?' அங்கே முதல் கேள்வி 'எந்த ரயிலைப் பிடிக்க உதவும்?'

இன்னொரு விஷயம். பல பாதைகளில் அரை மணிக்கொரு ரயில் இருப்பதால், அங்கே ரயில்கள் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய அவசியமே குறைவு. மேலே பார்த்த கணக்கு அங்கேயும் பொருந்துகிறது. அடிக்கடி ரயில் இருந்தால் விட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நான்கைந்து ரயில் மட்டும் இருக்கும் பாதையில்தான் காத்திருப்பதன் மதிப்பு அதிகம். நம் கிளைப் பாதைகளில் பல அந்த இரண்டாவது வகை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே 2023 ஜூன் முதல் அமலில் இருக்கும் பயணிகள் உரிமைச் சட்டப்படி, ஒரே டிக்கெட்டாக விற்கப்பட்ட பயணத்தில் கனெக்‌ஷனை விட்டால், தாமதம் கடைசி ஊரை வைத்துக் கணக்கிடப்படும். 60 நிமிடத்திலிருந்து 119 நிமிடம் வரை என்றால் கட்டணத்தில் 25 சதவீதம் இழப்பீடு. 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம். மோசமான வானிலை போன்ற அசாதாரண காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பயணியை வேறு ரயிலில் ஊர் சேர்க்கும் கடமையும், இரவு தங்க வேண்டிவந்தால் அதற்கு ஏற்பாடு செய்யும் கடமையும் நிறுவனத்துடையது.

அதற்காக ஐரோப்பாவில் எல்லாம் பக்கா என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ரயில் தாமதமும் தவறிய கனெக்‌ஷனும் அன்றாடப் புலம்பல்தான். வித்தியாசம் ஒன்றுதான். கனெக்‌ஷனை விட்டவர் அங்கே புது டிக்கெட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அதே டிக்கெட்டில் அடுத்த ரயிலில் ஏறலாம்.

சென்னையின் தனிச் சிக்கல்

இந்த விவாதத்தில் சென்னைக்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும். கோவை, பெங்களூரு, டெல்லி பக்கம் இருந்து வரும் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலுக்கு வரும். மதுரை, திருநெல்வேலி பக்கம் போகும் ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ கிளம்பும். வடக்கே இருந்து வந்து தெற்கே போகிறவர் ஸ்டேஷனே மாற வேண்டும்.

சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவில் சுமார் 2 கிலோமீட்டர்தான். மெட்ரோவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். ஆனால் லக்கேஜோடு சென்ட்ரலின் கடைசிப் பெட்டியிலிருந்து நடந்து, சப்வே இறங்கி, மெட்ரோ டிக்கெட் எடுத்து, எழும்பூரில் மேலே ஏறி, பிளாட்ஃபாரம் தேடுவதற்குள் எவ்வளவு நேரமாகும் என்பது போனவர்களுக்குத் தெரியும். தாம்பரம் என்றால் இன்னும் மோசம்.

இங்கே ரயிலை நிறுத்தி வைப்பது எப்போதும் தீர்வாகாது. பயணி எங்கே இருக்கிறார், வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமல் எழும்பூரில் ஒரு ரயிலைக் காக்க வைப்பது கஷ்டம். அதனால் இந்த மாதிரி இடங்களில் 'அடுத்த ரயிலில் ஏறும் உரிமை' என்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

எதை அளக்கிறோமோ அதுதான் மாறும்

ஒரு ரயில் காத்திருப்பதா என்று முடிவெடுப்பது டிரைவரோ ஸ்டேஷன் மாஸ்டரோ இல்லை. கோட்ட அலுவலகத்தில் இருக்கும் கன்ட்ரோல் ரூம். தெற்கு ரயில்வேயில் மட்டும் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். ஒரு கோட்டத்தில் லேட்டான ரயிலுக்காக இன்னொரு கோட்டம் தன் ரயிலை நிறுத்தினால், அந்தத் தாமதம் யார் தலையில் எழுதப்படும்? தன்னுடைய ரயிலை நேரத்துக்கு அனுப்பிய அதிகாரிக்கு நல்ல பெயர். ஐம்பது பேருக்காக நிறுத்தியவர் விளக்கம் சொல்லணும். இந்த நிலையில் எந்த அதிகாரி நிறுத்துவார்?

நேரந்தவறாமை என்பதை ரயில்வே கணக்கிடுவது ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு வந்துசேரும் நேரத்தை வைத்து. வழியில் ஒரு ஜங்ஷனில் 40 நிமிடம் லேட்டாக வந்த ரயில், கடைசிக் கட்டத்தில் டைம்டேபிளில் வைத்திருக்கும் கூடுதல் நேரத்தால் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். ரயில்வேயின் கணக்கில் அது 'ஆன் டைம்'. நடு ஜங்ஷனில் இறங்கி கனெக்‌ஷனை விட்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

சுவிட்சர்லாந்தில் ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதோடு, பயணிகளுக்குக் கனெக்‌ஷன் கிடைத்ததா என்பதையும் தனியாக அளந்து வெளியிடுகிறார்கள். ஒரு எண் வெளியே வந்துவிட்டால் அதைச் சரிசெய்ய அழுத்தமும் வந்துவிடும். நம் ஊரில் அப்படி ஒரு எண் இல்லாததால், பிரச்னையே இல்லாதது போலத் தெரிகிறது.

அப்போ என்னதான் செய்யலாம்?

எல்லா ரயிலும் எல்லோருக்காகவும் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது, தெளிவான, எல்லோருக்கும் பொதுவான விதி. ஐந்து விஷயங்களைச் செய்தாலே பெரிய மாற்றம் வரும்.

1. கனெக்டிங் பிஎன்ஆர் தகவல் கன்ட்ரோல் ரூம் திரைக்குப் போகணும். 'இந்த ரயிலில் வரும் 42 பேர் அந்த ரயிலைப் பிடிக்கணும், 8 நிமிடம் போதும்' என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். ரிசர்வேஷன் இல்லாத பயணிகளுக்கு, டிக்கெட் பரிசோதகர் மூலமோ 139 மூலமோ ரயில்ஒன் ஆப் மூலமோ முன்கூட்டியே தகவல் சொல்லும் வழி வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரல் பெட்டியில் வருபவர்கள் இந்தக் கணக்கிலும் விடுபட்டுவிடுவார்கள்.

2. ஒவ்வொரு ஜங்ஷனிலும் எந்த ரயில் எதற்காக, அதிகபட்சம் எத்தனை நிமிடம் காத்திருக்கும் என்ற பட்டியல் வெளிப்படையாக இருக்கணும். அன்றைய கடைசி ரயிலுக்கு அதிக நிமிடம், அடிக்கடி ஓடும் ரயிலுக்குக் குறைவு அல்லது பூஜ்யம். விதி எழுத்தில் இருந்தால் 'ஒருத்தருக்கு நிறுத்தினா எல்லாரும் கேப்பாங்க' என்ற பயமும் போய்விடும். விதியில் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் நிற்காது. அவ்வளவுதான்.

3. விதிப்படி நிறுத்திய நிமிடங்களை அந்தக் கோட்டத்தின் தாமதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயணிக்கு உதவிய அதிகாரிக்கு அது கரும்புள்ளியாக இருந்தால், எந்த விதியும் காகிதத்தோடு நின்றுவிடும்.

4. நிறுத்த முடியாதபோது, பணம் வேண்டுமா, அடுத்த ரயில் வேண்டுமா என்று பயணி தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். அடுத்த ரயிலில் சீட் உறுதியாகக் கிடைக்காவிட்டாலும், அதே டிக்கெட்டில் ஏற அனுமதி, காலியாகும் இடத்தில் முன்னுரிமை என்ற அளவிலாவது தொடங்கலாம்.

5. தகவல். ரயில் ஜங்ஷனுக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே 'உங்கள் இணைப்பு ரயில் காத்திருக்கும், பிளாட்ஃபாரம் 4' அல்லது 'காத்திருக்காது, அடுத்த ரயில் இத்தனை மணிக்கு' என்று ஒரு எஸ்எம்எஸ். நிற்காது என்று முன்பே தெரிந்தால் பஸ்ஸையாவது பார்க்கலாம். கடைசி நொடி வரை நம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபுட் ஓவர் பிரிட்ஜில் ஓடி, கண்ணெதிரே ரயில் நகர்வதைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஓடும் ரயிலில் தாவி ஏறும் ஆபத்தும் குறையும்.

இதில் எதற்கும் புதிய தண்டவாளம் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் தகவலை, ஏற்கெனவே இருக்கும் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை.

இது தயவா, உரிமையா?

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அஜ்மீர் - ஜம்மு ரயில் 4 மணி நேரம் லேட்டானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணி தொடர்ந்த வழக்கு. தாமதத்துக்குத் தங்கள் விதிகளின்படி பொறுப்பில்லை என்று ரயில்வே வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. பயணி அதிகாரிகளின் தயவில் இருக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு முக்கியமானது. ஆனால் டாக்ஸிக் காசுக்காக டெல்லி வரை வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்? இழப்பீடு என்ற யோசனையும் இந்தியாவுக்கு அந்நியமில்லை. 2019-ல் லக்னோ - டெல்லி தேஜஸ் எக்ஸ்பிரஸைத் தொடங்கியபோது, ஒரு மணி நேரத்துக்கு மேல் லேட்டானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 250 ரூபாய் என்று ஐஆர்சிடிசி-யே அறிவித்தது. அதிகக் கட்டணம் கொடுத்தவருக்குக் கிடைத்த அந்த மரியாதை, ஸ்லீப்பர் பெட்டியில் வருபவருக்கு ஏன் இல்லை?

தாமதம் முழுக்க இல்லாமல் போகும் ஒரு ரயில்வே எந்த நாட்டிலும் கிடையாது. மழை பெய்யும், சிக்னல் பழுதாகும், மாடு குறுக்கே வரும். தாமதம் நடந்த பிறகு அதன் சுமையை யார் சுமப்பது என்பதைத்தான் முடிவு செய்ய முடியும். இன்று அந்தச் சுமை முழுக்க, அந்தத் தாமதத்துக்குத் துளியும் காரணமில்லாத ஒருவரின் தோளில் இருக்கிறது. பத்து நிமிடத்தை எண்ணூறு பேர் பகிர்ந்துகொள்வதா, ஒரு இரவு முழுவதையும் ஐம்பது பேர் மட்டும் சுமப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்து முடிவெடுப்பது ரயில்வேயின் வேலை. அந்த வேலையை வைரலாகும் ஒரு பதிவிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.